ஜீப்புக்குள் ஓர் ஆழ்துளைக் கிணறு

எங்கள் பழைய ஜீப்பில், பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணையாக ஒரு சின்ன மின்மோட்டார் உண்டு. சாவியைத் திருப்பியதும் ‘ர்ர்ர்’ என்று ஓடி, பிரேக் ஆயிலை அழுத்திச் சேர்த்து வைத்துவிட்டு நின்றுகொள்ளும். அந்த அழுத்தம் இல்லையென்றால் பெடலை மிதிப்பதும் ஆட்டுக்கல்லை மிதிப்பதும் ஒன்றுதான்.

கொஞ்ச நாளாக அந்த ‘ர்ர்ர்’ சீக்கிரம் நிற்பதில்லை. நானோ, “நம்ம ஜீப்புலயே போலாங்க மச்சான்” என்று மனைவியின் அண்ணனிடம் பெருமையடித்து, ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலை போவதாகச் சொல்லியிருந்தேன். மலை ஏற இன்ஜின் போதும். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க பிரேக் வேண்டும்.

மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். ஆனால் மோகனூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவன் மோட்டாரைப் பற்றி இன்னொருவனிடம் கேட்பதா? மோட்டார் நெடுநேரம் ஓடினால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்: கிணற்றில் தண்ணீர் இல்லை. பானட்டைத் திறந்தேன். டப்பாவில் ஆயில் மேல்கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. கண்டுபிடித்த பூரிப்பில் கழுத்து வரை ஊற்றினேன்.

அடுத்து சோதனை. வண்டியை அணைத்துவிட்டு, சேர்ந்திருந்த அழுத்தம் தீரும்வரை பிரேக்கை மிதிக்கும்படி மனைவியை உட்காரவைத்தேன். நான் குனிந்து மோட்டாரிடம் காதைக் கொடுத்தேன்.

“ஏனுங்க, போதுமுங்களா?”

“இன்னும் மிதி சாமி.”

அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் ஆயில், மிதிக்க மிதிக்க டப்பாவுக்கே திரும்பி வரும் என்பதும், அளவு பார்க்க வேண்டியதே அதற்குப் பிறகுதான் என்பதும், அது பொங்கி என் காதில் வழிந்தபோதுதான் தெரிந்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பதை மறுநாள் மட்கார்டு சொல்லிக்கொடுத்தது.

மனைவி இறங்கி வந்து பார்த்தாள். “கெணறு வத்திப்போச்சுன்னீங்க. இங்க வாய்க்காலே ஓடுது.”

“அப்ப எங்கியோ பைப்பு ஒழுவுது.”

சிந்தியதைத் துடைத்துவிட்டு, இருவரும் படுத்து நாலு சக்கரத்தையும் குழாய்களையும் தடவிப் பார்த்தோம். சொட்டு ஈரமில்லை.

“ஆயிலும் இருக்குது, பைப்பும் ஒழுவுல. மிச்சம் யாருங்க? மோட்டாருதான? மாடி டேங்கு மோட்டாரு தேஞ்சப்பவும் நீங்க கெணத்தத்தான் திட்டுனீங்க.”

சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ‘ர்ர்ர்’ வரவேயில்லை; எச்சரிக்கை மணி மட்டும் கீச்சிட்டது. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரை லேசாகத் தட்டினேன். தூக்கம் கலைந்ததுபோல் எழுந்து ஓடியது. தட்டினால் ஓடும் மோட்டாரில், உள்ளே உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் தேய்ந்திருக்கும். அவ்வளவு எனக்கும் தெரியும். ஆனாலும், “தட்டுனா ஓடுது பாரு” என்றேன்.

“மல எறங்கறப்ப ஒவ்வொரு வளைவுலயும் நீங்க எறங்கித் தட்டுவீங்களா?”

மச்சானுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். வேண்டிய அளவு சிரித்துவிட்டு, “உடுங்க மாப்பிள, எங் கோழி வண்டியக் கொண்டாரேன்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். எனக்கு வண்டியின் பின்பக்கம், காலிக் கூண்டுகளோடு இடம். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் மச்சான் வண்டியை முழுசாக நிறுத்தி, தலையை வெளியே நீட்டினார்.

“மாப்பிள, நின்னுருச்சு பாருங்க.”

“ஆமாங்க மச்சான்.”

அடிவாரம் வரும்வரை எங்களுக்குள் வேறு பேச்சு இல்லை.