மூன்றில் எதை மூடுவது?

மென்பொருள்கள் ஒன்றோடொன்று நேரில் பேசிக்கொள்வதில்லை. நடுவில் தரகு பார்க்க இன்னொரு மென்பொருள் வேண்டும். அதற்கு இணைப்புத் தளம் என்று பெயர். எங்கள் கம்பெனி திருவள்ளூரில் ஓர் ஆலையையும் பக்கத்திலேயே இன்னொன்றையும் விலைக்கு வாங்கியபோது அவற்றின் தளங்களும் கூடவே வந்ததால், எங்களுடையதோடு சேர்த்து மொத்தம் மூன்று. எதற்கும் இருக்கட்டும் என்று தெரிந்த செய்தியையெல்லாம் மூன்றின் வழியாகவும் அனுப்பினார்கள். மூன்றையும் கட்டி மேய்ப்பது கும்மிடிப்பூண்டியில் என் உத்தியோகம். இதே பிழைப்பில் இருப்பவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

ஒரு லாரி

கேட்டில் லாரி நின்றது. சரக்கு ஒன்று, ஆனால் மூன்று தளங்களும் தனித்தனியே செய்தி அனுப்பியதால் வெளியேறும் பாஸ் மூன்று அச்சாகியிருந்தன. மூன்றையும் பதிவு செய்தால்தான் திறப்பேன் என்றார் செக்யூரிட்டி. மறுபடி உள்ளே வராத லாரி இரண்டாம் முறை எப்படி வெளியே போகும் என்று கணினி மறுத்தது. செய்தியின் மறுபிரதி என்றால் என்ன என்பதை நான் டிரைவருக்கு ஆதியிலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“புரிஞ்சிது சார். புதுவாயல் வரைக்கும் மூணு வாட்டி போய்க்கினு வர்றேன், கேட்டத் தொறக்கச் சொல்லு.”

சொத்துப் பட்டியல்

இது பொது மேலாளர் காதுக்குப் போனது. மாத முடிவுக்குள் ஒரே தளம்தான் இருக்க வேண்டும் என்றார். முதலில் மூடுவதற்கு நான் தேர்ந்தெடுத்தது திருவள்ளூர்த் தளம். மூன்றில் அதுதான் பழையது. அதைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் தேவகி மேடம் கடம்பத்தூர்க்காரர். தளத்தை மூடினால் அவர் கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டும். இரண்டும் ஒரே மாவட்டம், ஆனால் ரயில் பாதை வேறு: சென்னைக்குப் போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும்.

அந்தத் தளத்தில் ஓடும் ஒவ்வோர் இணைப்புக்கும் உரிமையாளர் யார் என்று எல்லாத் துறைகளுக்கும் படிவம் அனுப்பினேன். ‘உரிமையாளர்’ என்பதற்கு அரைப் பக்க விளக்கமும் அதிலேயே இருந்தது, யாரும் படிக்கவில்லை. ஏறக்குறைய எல்லோரும் ‘திருவள்ளூர் மேடம்’ என்று எழுதித் திருப்பினார்கள். பட்டியலைத் தேவகியிடம் காட்டினேன்.

“இன்னா சார், எனக்கே தெரியாம எனக்கு இவ்ளோ சொத்தா? இதையெல்லாம் வுட்டுட்டு ரெண்டு ரயில் மாறி அங்க வரச் சொல்றீங்களே.”

பழையது-2

ஒரே ஓர் இணைப்புக்கு மட்டும் யாருமே உரிமை கோரவில்லை. பெயர் ‘பழையது-2’. தனக்கு முன்னால் இருந்தவர் போட்டது என்பதற்குமேல் தேவகிக்கும் தெரியாது. “இருந்துட்டுப் போவட்டும் சார்” என்றார். நான் கேட்கவில்லை. காலை ஷிப்ட் தொடங்குமுன் நிறுத்திவிட்டேன்.

மதியம் கும்மிடிப்பூண்டி கேன்டீனில் தட்டும் கையுமாக ஷிப்ட் முழுவதும் வரிசையில் நின்றது. உள்ளே அடுப்பே பற்றவைக்கவில்லை. கேட்டில் விரல் வைத்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று சமையலறைக்குச் சொல்லிவந்தது பழையது-2 தானாம். அப்படி ஒன்று இருப்பதே தெரியாததால், மற்ற இரண்டு தளங்களில் யாரும் அதைச் சேர்க்கவில்லை. கேன்டீன் பொறுப்பாளர் ஏழுமலை பதறவேயில்லை. சுவரில் ஒட்டியிருந்த என் சுற்றறிக்கையைக் காட்டினார்: கணினி தரும் எண்ணிக்கையை எவரும் கையால் திருத்தக் கூடாது.

“சைபர்னு வந்துச்சு சார். நீங்க சொன்னாமாரியே சைபர் பேருக்குக் கரெக்டா சமைச்சிட்டேன்.”

ஒரு நாள் சோதனை

பொது மேலாளர் என்னைத் திட்டவில்லை. அது நல்ல அறிகுறி அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். “மத்த ரெண்டு தளத்தையும் ஒவ்வொரு நாள் நிறுத்திப் பாருங்க” என்றார். பழையது-2-ஐ மறுபடி ஓடவிட்டு, அவற்றை நிறுத்தினேன். லாரிகள் போயின. சோறு வந்தது. ஒரு போன்கூட வரவில்லை. அவை இரண்டும் அனுப்பியதெல்லாம் தேவகியின் தளம் ஏற்கெனவே அனுப்பியதுதான். நான் பார்த்துப் பார்த்து வளர்த்த கும்மிடிப்பூண்டித் தளம் நின்றுபோனதற்கு, என் அறையிலிருந்த திரை மட்டும் சிவப்பாகித் துக்கம் அனுசரித்தது.

ஆக, திருவள்ளூர்த் தளம் தங்கியது. தேவகியும் அங்கேயே தங்கினார். கூடவே இன்னோர் ஆணையும் வந்தது: தளம் எங்கேயோ, அதைக் கட்டி மேய்ப்பவரும் அங்கே. என் வீடு கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரில். தேவகிக்குப் போன் செய்து சொன்னேன். சிரிக்காமல்தான் பேசினார்.

“சென்ட்ரல் வரைக்கும் போவாதீங்க சார், பேசின் பிரிட்ஜ்லயே மாறிடுங்க. வாசப்படிகிட்ட நின்னுக்கினே வாங்க, அப்பதான் எறங்கி ஓட முடியும்.”

ஒருங்கிணைப்பு என்பது பல பேரிடம் சிதறிக் கிடக்கும் தொல்லையைத் திரட்டி ஒரே ஆளிடம் சேர்ப்பது; அந்த ஆள் யார் என்பதைத் திட்ட அறிக்கையில் மட்டும் எழுதுவதில்லை.