மா அரைத்த கோபுரம்

அண்ணை இறந்த மூன்றாம் வாரம் கல்வெட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம் அது. இறந்தவரின் வரலாறு, ஒரு படம், நாலு தேவாரம். அண்ணை கலியாணம் கட்டவில்லை. தங்கச்சி நான்தான் எழுதவேண்டும்.

பிறந்தது, படித்தது எல்லாம் அரைப் பக்கம். மொன்றியலில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவியது, என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது இன்னொரு அரைப் பக்கம். நடுவில் அவர் பிரான்சில் இருந்த ஐந்து வருடத்தைப் பற்றி என்னிடம் ஒன்றுமில்லை, ஒரு கோபுரத்தைத் தவிர.

அதன் வரலாற்றை அவர் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் இருந்த அவருடைய அறைக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். பெட்டியைத் திறக்க முதலே தொடங்கிவிடுவார்.

"அது ராசாமார் காலத்தில காவலுக்குக் கட்டினது, பிள்ளை. பேந்து சண்டை ஓய்ஞ்சிட்டுது, ஒருத்தருக்கும் தேவையில்லை. ஊர்ச்சனம் மேல்சுவரை இடிச்சு, மரத்தில கூரை போட்டு, காத்துக்குச் சுத்திற செட்டை பூட்டி மா அரைச்சவை. பேந்து மெஷின் வர அதுவும் நிண்டுபோச்சு. பேந்து..."

"அண்ணை, மாவோட நிப்பாட்டுங்கோ. புட்டு ஆறுது."

சிரித்துக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். ஒருமுறை மொன்றியலின் மேற்குக் கோடியில் உள்ள சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குப் போகும் வழியில் ஆற்றங்கரையில் பழைய கல் காற்றாலை ஒன்றைக் கண்டு காரை நிறுத்தச் சொன்னார். எனக்கு வேறு வேலையில்லையோ என்று கேட்டுவிட்டு நான் நிறுத்தாமல் ஓட்டினேன். என் வாய் அப்படி.

கல்வெட்டில் போய்க் கோபுரத்தையா எழுதுவது? அம்மாவுக்கு அவர் பிரான்சிலிருந்து போட்ட பழைய கடிதமொன்றில், பெரிய கல்வீட்டில் இருக்கிறேன், யோசிக்க வேண்டாம் என்று இருந்தது. கல்வீடு என்றால் எங்கள் சனத்துக்குப் பெரிய காரியம். 'பிரான்சில் கல்வீட்டில் சீரும் சிறப்புமாக வாழ்ந்தார்' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாளுக்குப் புரோசார்டில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் எல்லோரும் வாசித்துத் தலையாட்டினார்கள்.

பிரான்சில் அண்ணைக்குப் பழக்கமான ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். போன கிழமை அவர் ரெலிபோன் எடுத்தார்.

"அக்கா, கல்வீடெண்டு போட்டிருக்கிறியள்" என்றார். "அது அந்தக் காத்தாலைக் கோபுரமல்லோ. விசா இல்லாத நேரம், ஒருத்தரும் வீடு குடுக்கேல்லை. ரெண்டு மாரி அதுக்குள்ளதான் படுத்தவர். கூரையும் உக்கி விழுந்திட்டுது, கதவும் இல்லை. கடதாசி மட்டையளை விரிச்சுப்போட்டு, முன்னம் மா அரைச்ச கல்லோட ஒட்டிக்கொண்டு படுத்திருப்பார். நான் பாண் கொண்டுபோய்க் குடுக்கிறனான்."

இத்தனை வருடமும் அவர் சொல்ல வந்தது இதைத்தான். பாவி, நான் ஒரு நாளும் விடவில்லை.

"உங்களிட்டச் சொல்லியிருப்பார்தானே, அக்கா?" என்று அவர் கேட்டார்.

"ஓம், சொன்னவர்" என்றேன்.