சகலைகளும் இரண்டு கம்பெனிகளும்

என் வீட்டுக்காரர் சோலார் கம்பெனி. என் அக்கா வீட்டுக்காரர் ஜெனரேட்டர் கம்பெனி. இரண்டும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ரோட்டில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்று வெயிலை விற்கிறது, இன்னொன்று புகையை விற்கிறது. வாங்குகிறவர்கள் என்னவோ ஒரே ஆட்கள்தான், அதனால் இரண்டு முதலாளிகளுக்கும் ஆகாது. முதலாளிகள் போடவேண்டிய சண்டையை எங்கள் வீட்டுச் சகலைகள் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசியில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

களம் கள்ளிக்குப்பத்தில் அக்கா வீடு. மேனாம்பேட்டிலிருந்து நாங்கள் வண்டியில் போய் இறங்குவோம். அடுப்பில் கறி வேகிறதற்குள் கூடத்தில் இவர்கள் இருவரும் வெந்துவிடுவார்கள்.

"எங்க கேன்டீன்ல புதன்கெழம மீன் வறுவல், அண்ணாத்தே" என்று இவர் ஆரம்பிப்பார்.

"மீனு இன்னா தம்பி மீனு. எனக்குத் தனி ரூமு, அதுல ஏசி. போன வாரம் ஜலதோஷமே புட்சிகிச்சு" என்பார் மாமா. அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

"எங்க எம்.டி. என் தோள்ல கை போட்டுகினுதான் பேசுவாரு."

"எங்காளு என்னக் கேக்காம ஒரு முடிவு எடுக்க மாட்டாரு."

மாமா சர்வீஸ் ஹெட். இவர் புராஜெக்ட் இன்சார்ஜ். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டர் கம்பெனி ஹாட்பாக்ஸ் கொடுத்தது. சோலார் கம்பெனி எம்.டி. படம் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ஹாட்பாக்ஸில் இட்லியாவது வைக்கலாம், கடிகாரத்தில் அந்த மனுஷன் எங்கள் ஹாலையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் இவர் "அதுல ஒரு கெத்து கீதுல்ல?" என்று மாட்டி வைத்துக் கும்பிடாத குறை. எனக்குக் கடுப்பாக வரும். ஆனால் இரண்டு கம்பெனியும் இவ்வளவு நல்லவை என்றால் நாம் கொடுத்துவைத்த குடும்பம்தான் என்று நானும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பையன் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு பகல் முழுக்க நானும் அந்தக் கடிகார எம்.டி.யும் மட்டும்தான். கல்யாணத்துக்கு முன்னால் பாடியில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதியவள் நான், டேலி தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் உச்சத்தில் இருக்கும்போது, குழம்புக் கரண்டியோடு கூடத்துக்கு வந்து சொன்னேன்.

"ரெண்டு கம்பெனியும் இவ்ளோ சோக்கா கீதே, எதுனா ஒண்ணுல என்னையும் சேத்து உடுங்களேன்."

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த மாமா கடிப்பதை நிறுத்தினார்.

"சோலார்ல வேணாம்" என்றார் என் வீட்டுக்காரர். "லேடீஸுக்கு அண்ணாத்தே கம்பெனிதான் பெஸ்ட்டு. பழைய கம்பெனி, கௌரவமான எடம்."

"சேச்சே" என்றார் மாமா பதறிப்போய். "ஜெனரேட்டர்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தாம்மா. சோலார்தான் எதிர்காலம். தம்பி கம்பெனியிலயே சேந்துடு."

அடப்பாவிகளா! இத்தனை வருஷம் எதிராளிக் கம்பெனியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை இந்த வாய்களிலிருந்து வந்ததில்லை. அன்று சாப்பிட்டுக் கை கழுவும் வரை இவர் ஜெனரேட்டரைப் புகழ, அவர் சோலாரைப் புகழ, எனக்கும் அக்காவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இவர்களை நம்பினால் ஆகாது என்று நானே போய் விசாரித்தேன். ஜெனரேட்டர் கம்பெனியில் அக்கவுன்ட்ஸுக்கு ஆள் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். விஷயத்தைச் சொன்னபோது மாமாவின் முகம் செத்துப்போனது. "உன் இஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார்.

சேர்ந்த முதல் நாளே ஏசி ரூமைத் தேடினேன். ரூம் இருந்தது, அதில் மேனேஜர் இருந்தார், மாமாவைவிடப் பாதி வயசு. மாமா ரிசப்ஷன் பக்கத்தில் தண்ணீர் கேன் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேனை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டார். சரி, கொஞ்சம் ஏற்றிச் சொல்லியிருக்கிறார், எந்த ஆம்பிளைதான் சொல்லவில்லை என்று நான் என் வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரமே பூந்தமல்லியிலிருந்து ஒரு கல்யாண மண்டபக்காரர் வந்தார். வாசலிலிருந்தே கத்திக்கொண்டுதான் வந்தார்.

"முகூர்த்த நேரத்துல கரண்டு போச்சுய்யா! உன் ஜெனரேட்டரு ரெண்டு இருமு இருமிட்டுப் படுத்துகிச்சு! மாப்ள தாலிய வெச்சிகினு கழுத்த தேடறான்!"

மேனேஜர் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராக மணியை அடித்தார். மாமா எழுந்து, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இவர்தான் சார் எல்லாத்துக்கும் காரணம்" என்றார் மேனேஜர். பிறகு கட்டடமே அதிர ஒரு கத்து. "யோவ், உன்னால கம்பெனி மானமே போச்சு! நாளையிலருந்து வராதே! இப்பவே அக்கவுன்ட்ஸ்ல கணக்கை முடிச்சிட்டுக் கெளம்பு!"

அக்கவுன்ட்ஸ் என்றால் நான். மாமா தலையைக் குனிந்துகொண்டு என் மேஜைக்கு வந்தார். அக்காவிடம் என்ன சொல்வேன், இந்த வயசில் இவருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அழாதம்மா" என்றார் மாமா உதட்டை அசைக்காமல். "சும்மா எதுனா டைப் அடி. அந்தாளு பாத்துகினு கீறான்."

நான் எதையோ தட்டினேன். அதற்குள் மண்டபக்காரரின் சுருதி இறங்கிவிட்டது. "சார், அவ்ளோ தூரம் வேணாம் சார். வயசான மனுஷன், புள்ள குட்டிக்காரரா இருப்பாரு" என்றார். மேனேஜர் முடியவே முடியாது என்றார். மண்டபக்காரர் கெஞ்ச ஆரம்பித்தார். "எனக்காக ஒரு தடவ மன்னிச்சுடுங்க சார்." கடைசியில் மேனேஜர் பெருமூச்சு விட்டு, "நீங்க சொல்றதால விடறேன்" என்றார். மண்டபக்காரர் வந்து மாமாவின் தோளைத் தட்டிக்கொடுத்து, ஒரு குடும்பத்துக்கு விளக்கேற்றிய முகத்தோடு கிளம்பிப் போனார். புகார் கொடுக்க வந்தவர் சிபாரிசு செய்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஜெனரேட்டரைப் பற்றி அதற்கப்புறம் அவரும் பேசவில்லை, இவர்களும் பேசவில்லை.

"அக்கா, புதுசா நீங்க? இது அடிக்கடி நடக்கும்" என்றாள் ரிசப்ஷனில் இருந்த பெண், போனைப் பார்த்தபடியே.

டீக்கடையில் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "இன்னா மாமா இது கூத்து?" என்றேன்.

"எஞ்சின் வேலைதாம்மா பாத்துகினு இருந்தேன்" என்றார். "ஒரு தடவ ஒரு கஸ்டமர் கத்தும்போது நான் பக்கத்துல நின்னேன். என் மூஞ்சியப் பாத்ததும் அவனுக்குக் கோவம் எறங்கிடுச்சு. அத மேனேஜரு பாத்துட்டாரு. அப்பால திட்டு வாங்கறதே வேலையாப் பூட்சு." டீயை ஆற்றினார், குடிக்கவில்லை. "உங்கக்காளுக்குத் தெரியக்கூடாதும்மா. அவளுக்கு நான் சர்வீஸ் ஹெட்டு. அந்த நெனப்புலதான் அவ தெருவுல தலைய நிமுத்திகினு நடக்கறா. தெரிஞ்சா நான் ஊட்டுக்குள்ள எப்டிம்மா நொழைவேன்?"

சொல்ல மாட்டேன் என்றேன். மனுஷனை வேலைக்கு வைத்து, அவன் முகத்தில் இருக்கும் பரிதாபத்தையும் பிழிந்து விற்கிறார்களே என்றிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வாயே திறக்கவில்லை. நான் உட்கார்ந்திருக்கும்போது அவர் எப்படி ஏசி ரூமைப் பற்றிப் பேசுவார்? என் வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். மீன் வறுவல், தோளில் கை, எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். "இன்னா அண்ணாத்தே, சவுண்டே காணோம்? ஜெனரேட்டர்ல டீசல் இல்லியா?" என்று சீண்டவும் சீண்டினார். அவரை ஒரு அறை விடலாமா என்றிருந்தது.

அக்கா அப்பளம் பொரிப்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீதான் கூடவே கீறியே. சொல்லுடி, அங்க எப்டி இவரு?" என்றாள்.

மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"மாமா இல்லேன்னா ஒரு கஸ்டமர அடக்க முடியாது, தெரியுமா?" என்றேன். "எவ்ளோ பெரிய ஆளு கத்திகினு வந்தாலும் மேனேஜரு மொதல்ல மாமாவத்தான் கூப்புடுவாரு. மாமா போய் நின்னா போதும், வந்தவன் கும்புட்டுட்டுப் போவான். என் கண்ணால பாத்தேன்." ஒரு வார்த்தை பொய் இல்லை. அக்காவின் முகத்தில் ஒரு பூரிப்பு வந்தது பாருங்கள். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் மீனைப் பற்றிப் பேசவில்லை.

மேனாம்பேடு வந்து, வீட்டு வாசலில் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"உங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்களா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத" என்றார். "பேனல் கழுவறேன்மே. ஆவடி, அண்ணனூர்னு தகரக் கூரை மேல ஏறி நின்னுகினு. இன்சார்ஜும் இல்ல, இன்னொண்ணும் இல்ல. சின்னப் பசங்க கீழ நின்னுகினு 'பெருசு, அந்த மூலைய வுட்டுட்டியே'ன்றானுங்க. முட்டி கழலுது. அண்ணாத்தேவுக்கு அங்க அவ்ளோ மரியாத கீதுன்னு நீயே சொல்ற. எனக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாரு."

இவர் சட்டையைத் துவைக்கிறவள் நான். அதில் இருக்கும் கறுப்பு அழுக்கையெல்லாம் சைட்டில் நின்று மேற்பார்வை பார்த்ததில் ஒட்டியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் மாமா மானம் போகும். சொல்லாவிட்டால் இவர் வந்து நிற்கப்போவது அந்தக் கம்பெனியில். கோபப்படக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை.

மறுநாள் மாமாவிடமே போய்ச் சொன்னேன், பேனல் கழுவுகிற கதையையும் சேர்த்து. அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்மா" என்றார். "எங்க கூர மேலயும் அவங்க கம்பெனி பேனல்தான். மொதலாளிங்களுக்குப் பேச்சுக்குத்தான் சண்ட. அதக் கழுவ தம்பிதான் வருவான். அவன் வர்ற அன்னிக்கி நான் பின்பக்கம் போவ மாட்டேன். பாத்துட்டா வெக்கப்படுவான்."

ஞாயிற்றுக்கிழமைச் சண்டைகள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. எத்தனை தடவை இவர் மட்டம் தட்டியிருப்பார், ஒரே ஒரு வார்த்தையில் வாயை அடைத்திருக்கலாம். மாமா அடைத்ததே இல்லை.

"வரச் சொல்லும்மா" என்றார். "எனக்கும் முடியல. ரெண்டு பேரா இருந்தா திட்ட மாத்தி மாத்தி வாங்கிக்கலாம். அங்கயும் மரியாத இல்ல, இங்கயும் மரியாத இல்ல. ஆனா இங்க நெழல்ல நின்னு வாங்கலாம்."

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது இவர் எனக்கு முன்னாலேயே வந்து, முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். "கேட்டியா?" என்றார்.

"கேட்டேன். திட்டு வாங்கற வேல" என்றேன். மாமா பேச்சை எடுக்கவில்லை.

"திட்டு இன்னா புதுசா?" என்றார் அவர். "நெழல் கீதா?"

"கீதாம்."

சம்பளம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை.