காந்த அறையில் பூசை

ஈப்போவில் ஓர் ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைப்பது என் வேலை. அங்கே ஒரு பெரிய காந்த மிஷின் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மாதிரி நிற்கும். கிட்டே இரும்பு போகக்கூடாது. என் வாளிகூட பிளாஸ்டிக்தான்.

பக்கத்துச் சிலிபின் பகுதியிலிருந்து வரும் ஒரு பெண் அதில் ஆராய்ச்சி செய்தாள். ரப்பர் பாலில் ஒரு புரதம் இருக்கிறதாம். அதைத் தண்ணீர் எப்படிப் பிடித்துக்கொள்கிறது, எப்போது விடுகிறது என்று மிஷின் காட்டுமாம். முன்பு எங்கள் ரப்பர் தோட்டத்தில் பாலில் தண்ணீர் கலந்தால் கணக்கெழுதும் கிராணி ஏசுவார். இங்கே அதற்கு டாக்டர் பட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"தண்ணி சத்தம்தான் வருது அக்கா. புரோட்டீன் சத்தம் அதுல முங்கிப் போவுது. இன்னிக்கோட மிஷின்ல என் முறை முடியுது. படம் வரலன்னா அடுத்த வருசம்தான்."

எனக்கு என்ன தெரியும். வாளியை ஓரமாக வைத்தேன்.

"அக்கா, ஒரு பூசை போட்டுப் பாக்கலாமா?"

"நீ படிச்ச பிள்ளைதானே?"

"படிச்சதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு லா."

லாரிக்குப் பூசை போட்டிருக்கிறேன். இவ்வளவு ஆகாது சொல்லும் மிஷினைப் பார்த்ததில்லை. தட்டு எவர்சில்வர், ஆகாது. வாழை இலையில் பூ வைத்தேன். எலுமிச்சம்பழத்துக்குக் கத்தி ஆகாது. கடித்தால் எச்சில். நகத்தால் பிய்த்தேன், சாறு கண்ணில் தெறித்தது. சூடம் ஏற்றினால் அலாரம் அடிக்கும். தேங்காய் உடைத்தால் மிஷின் அதிருமாம். கார் நிறுத்துமிடத்தில் போய் உடைத்தேன். காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா விசேசம்?"

"மிஷின் சர்வீஸ்."

திரும்பி வந்தபோது, புரதம் இருந்த கண்ணாடிக் குழாயை உள்ளே இறக்கிவிட்டு உடனே கம்ப்யூட்டரைத் தட்டப் போனாள்.

"கைய எடு. ராகு காலம்."

"டைம் இல்லக்கா!"

"பூசை கேட்டது நீயா நானா?"

உட்கார்ந்தாள். எழுந்தாள். உட்கார வைத்தேன். மறுபடி எழுந்தாள். வாயில் தேங்காய்ச் சில்லைத் திணித்தேன். பன்னிரண்டு மணிக்குத்தான் விட்டேன்.

சாயங்காலம் கத்தினாள். ஓடினேன். கம்ப்யூட்டரில் எறும்புப் புற்று மாதிரி சின்னச் சின்ன மேடு.

"தண்ணி அடங்கிருச்சு அக்கா! இதெல்லாம் புரோட்டீன்!"

"இவ்வளவுதானா?"

அவளுடைய சீனப் பேராசிரியர் வந்து பார்த்தார். இத்தனை நாளும் குழாயின் சூடு நிலைக்கும் முன்னே ஓட்டியிருக்கிறாய், இன்று காத்திருந்ததால் வந்தது என்றாராம். அவள்தான் எனக்குச் சொன்னாள். எலுமிச்சம்பழத்தைப் பற்றி அவரிடம் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வந்திருச்சு! ரொம்பப் பொறுமையா இருந்து செஞ்சேம்மா."

நான் பூவைக் கூட்டி அள்ளினேன்.