ஒரு டப்பா தவிடு

நாலரை வயதில் என் மகள் என்னிடமிருந்து ஒதுங்க ஆரம்பித்தாள். வெளியே கிளம்பலாம் என்றால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கோயிலுக்கு என்றால் அழுகை. ஏன் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டாள். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் சின்ன வகுப்பு டீச்சர். ஊரார் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு அதட்டலில் உட்காரவைப்பவளுக்கு, பெற்ற பிள்ளை ஏன் விலகிப் போகிறது என்று தெரியவில்லை. அது எனக்கு அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அப்போது தபால் வழியில் பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். பழுப்பு உறையில் வந்த பாடங்களில் ஒன்று, குழந்தையின் குணம் எப்படி உருவாகிறது என்ற உளப்பகுப்பாய்வுக் கொள்கை. குழந்தையின் இன்பம் முதலில் வாயில் இருக்கிறதாம். பிறகு மலத்தை அடக்குவதிலும் விடுவதிலும். அதற்கப்புறம் அப்பா அம்மா மேல் ஆசை, போட்டி. எந்தப் படியில் கண்டிப்பு ஜாஸ்தியானாலும் மனம் அங்கேயே தேங்கிவிடும். இரண்டாம் படியில் தேங்கியவர்கள் பிடிவாதக்காரர்கள், எதையும் சேர்த்துச் சேர்த்து வைப்பார்கள், யாருக்கும் தரமாட்டார்கள்.

பால் பொங்கி வழிவது தெரியாமல் அதைப் படித்தேன். ஏனென்றால் என் மகள் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை ஒளித்து வைத்திருந்தாள். யார் தொட்டாலும் தெருவையே கூட்டிவிடுவாள்.

ஒரு குழந்தையை மூன்று மாதம் கவனித்து ரெக்கார்டு எழுத வேண்டும் என்றார்கள். குழந்தை ‘அ’ என்று போட்டு அவளையே எழுதினேன். பிடிவாதம், சேமிக்கும் குணம், தாயிடம் விலகல் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். அவளுக்கு இரண்டு வயது இருக்கும்போது ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்தில் நான் இருக்க, கஞ்சி போட்ட என் சேலையிலேயே வெளிக்குப் போய்விட்டாள். தொடையில் இரண்டு வைத்தேன். ‘கழிப்பறைப் பழக்கத்தில் தாயின் அதிகக் கண்டிப்பு’ என்று அதை எழுதும்போது அழுதேன். என் கையாலேயே என் குழந்தையைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நம்பினேன்.

என் கணவர் ரெக்கார்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். “ஏம்மா, ஒரு டப்பாவுக்கு இவ்ளோ பெரிய வியாதியா? தொறந்து பாத்தா தீந்துது.”

“கவனிக்கறவங்க குறுக்க போகக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க” என்றேன். அப்படித்தான் போட்டிருந்தது. திறக்காமலேயே மூன்று மாதம் கவனித்தேன்.

கார்த்திகை பிறந்தது. எதிர்வீட்டில் எருமை வைத்திருந்த அம்மாள்தான் எங்களுக்குப் பால். ஒரு காலை பாலை ஊற்றிவிட்டு, வாசலில் நின்ற என் மகளிடம் கண்ணைச் சிமிட்டினாள். “இன்னா கண்ணு, உன்ன வித்தவ தீபத்துக்கு வந்துகீறாளாம். கோபுர வாசல்ல ஒக்காந்துனு, எம் பொண்ணக் குடுங்கன்னு கேக்கறாளாம்.”

நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கேலி இல்லாத வீடு கிடையாது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை இன்னொருத்தியிடம் கொடுத்து, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள்; எமன் ஏமாந்துபோவானாம். அந்த வழக்கம் தேய்ந்து கேலியாக நின்றுவிட்டது. ‘நான் எப்படிப் பிறந்தேன்’ என்று கேட்கிற பிள்ளைக்கு அதுதான் பதில். எனக்கும் சொன்னார்கள். நானும் அவளுக்குச் சொல்லியிருந்தேன்: “கெழக்கு கோபுர வாசல்ல ஒருத்தி வித்துனு இருந்தா. ஒரு படி தவிடு குடுத்து உன்ன வாங்கினு வந்தேன்.” அவள் முகம் வாடுவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். இன்னொரு முறை சொல்வேன்.

அன்றைக்கு அவள் அழவில்லை. உள்ளே ஓடினாள். டப்பாவை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து, என் காலடியில் வைத்து, மூடியை நெம்பித் திறந்தாள். உள்ளே தவிடு. எதிர்வீட்டு எருமைக்கு வைத்திருந்த மூட்டையிலிருந்து பிடிப்பிடியாக எடுத்துச் சேர்த்தது. புழு நெளிந்தது.

“அவ கேட்டா இத்தக் குடுத்துடும்மா. என்னக் குடுத்துடாத.”

பால்கார அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, நீ என் வயிற்றில் பிறந்தவள் என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. அவள் என் முகத்தையே பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப எதுக்கு அப்பிடிச் சொன்ன?”

“சும்மா, வெளையாட்டுக்குடி.”

அவள் என் இடுப்பிலிருந்து இறங்கி, டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கொள்கை பொய் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். அம்மா போய்விடுவாளோ என்ற பயம் பிள்ளை மனத்தின் அடியில் கிடக்கிறது என்று அவர்கள் சொன்னது நிஜம்தான். அதே பாடத்தில் நான் அவசரத்தில் தாண்டிப்போன ஒரு பத்தி இருந்தது. அந்த வயதுப் பிள்ளைகள், தாங்கள் வேறு யாருக்கோ பிறந்தவர்கள் என்று கற்பனை செய்துகொள்வதுண்டாம். அங்கே பிள்ளைகள் தாமாகக் கற்பனை செய்கிறார்கள். இங்கே பெற்றவர்களே சிரித்துக்கொண்டு சொல்லித் தருகிறோம். பிள்ளை மனத்தின் ஆழமெல்லாம் தேடியவள், என் வாயிலிருந்து என்ன வந்தது என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். ரெக்கார்டுக்கு நல்ல மார்க் வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

தீபக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கோயிலுக்குக் கூப்பிட்டேன். வந்தாள், டப்பாவோடு. ஒரு கை என் கையில், இன்னொரு கையில் டப்பா. கிழக்கு கோபுர வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். விரல்கள் என் கையை நெரித்தன. யாரும் அவளைக் கேட்கவில்லை. திரும்பி வரும்போதும் கேட்கவில்லை.

தேரடித் தெருவில் ஒரு பசு நின்றிருந்தது. அவளாகவே நின்று, டப்பாவைத் திறந்து அதன் முன்னால் சாய்த்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதி கொட்டியதும் நிமிர்த்திவிட்டாள். மூடியை அழுத்தி மூடினாள்.

“மீதி எதுக்குடி?”

“இருக்கட்டும்மா” என்றாள்.