இடாப்பில் மட்டும் வந்துகொண்டிருந்தவள்

எங்கள் மேடம் ஓய்வுபெறுவதற்கு முதல்நாள், சேவை நயப்பு விழாவில் வாசிக்கவேண்டிய வாழ்த்துமடலைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். எழுதியது நான்தான். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அது நாளைக்குத்தானே. இண்டைக்கு ஒரு பள்ளிக்கூடம் பாக்கவேணும், வாரும்" என்றார்.

கல்விக் கொள்கை ஆய்வில் அவர் கழித்த காலம் முழுவதும் ஒரே கேள்விதான்: பள்ளிக்கூடத்தை விட்டுப் போகிற பிள்ளை உண்மையில் எப்போது போகிறது? வகுப்பில் அதன் பெயரைக் கூப்பிடாமல் விடுகிற அன்றைக்கு என்று அவருடைய ஆய்வு சொன்னது. அதனால் வராத பிள்ளையின் பெயரையும் தினமும் கூப்பிடவேண்டும், காரணம் தெரியும்வரை நிறுத்தக்கூடாது என்ற நடைமுறையை எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் கொண்டுவந்தார்.

என் பெயரும் அப்படிக் கூப்பிடப்பட்டதுதான். நான் அப்பாவோடு ஆனையிறவுக்கு உப்பள வேலைக்குப் போய்விட்ட நாட்களில், அம்மா பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். "இல்லாத புள்ளைய ஏன் சார் கூப்புடுறீங்க? செத்தவங்களத்தானே அப்படிக் கூப்புடுவாங்க." அந்தப் பயத்திலேயே என்னைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வாழ்த்துமடலில் மனமறிந்து ஒரு பொய்கூட எழுதவில்லை.

பூவரசங்குளத்துக்கு அங்கால், காட்டோரத்தில் இருந்தது அந்தச் சின்னப் பள்ளிக்கூடம். அரைச்சுவர் வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்தோம். ரீச்சர் தலை நிமிராமல் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட, பிள்ளைகள் ஒவ்வொருவராக "வந்திருக்கிறன் ரீச்சர்" என்றார்கள். ஒரு பெயர் வந்தபோது வகுப்பே மூச்சை அடக்கியது. பிறகு மெல்லிய, சற்று அடைத்த குரலில் பதில் வந்தது. ரீச்சர் குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

மேடம் என் கையைத் தட்டினார். குரல் வந்த இடத்தில் ஒரு வெறும் கதிரை. அதற்குப் பக்கத்துச் சிறுமி வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, இப்ப கதைச்சது ஆர்?"

"அவள்தான்."

"அவள் எங்க?"

சிறுமி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "பேரைக் கூப்பிட்டுப்போட்டு ஒருதரும் பேசாம இருந்தா பயமாக்கிடக்கு மேடம். ஒருநாள் நான் சொன்னனான். பிறகு எல்லாரும் என்னையே சொல்லச் சொன்னவை. அவளின்ர குரல் எனக்கு வரும்."

"விளையாடேக்கையும் இவள் இப்ப அப்பிடித்தான் கதைக்கிறவள்," என்றான் ஒரு பையன். யாரும் சிரிக்கவில்லை.

ரீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. "மூண்டு வகுப்பை ஒண்டாப் பாக்கிறன் மேடம். நிமிர்ந்து பாக்க நேரமில்லை."

இடைவிலகலே இல்லாத பள்ளி என்று மேடத்தின் கடைசி அறிக்கையில் நாங்கள் எழுதியது இதைத்தான். வாழ்த்துமடலிலும் நான் அதைச் சேர்த்திருந்தேன்.

வராத அந்தப் பிள்ளையின் வீடு பள்ளிக்கூட வேலிக்கு அடுத்த பக்கம். தாய் விடிய பஸ்ஸில் வவுனியாவுக்கு, ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவாளாம். தம்பிக்காரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளை கிணற்றடியில் நின்றாள். எங்களைக் கண்டு திடுக்கிடவில்லை.

"ஏன் பிள்ளை பள்ளிக்கூடம் வாறேல்லை?"

"வாறனான்தானே."

"எப்ப?"

"ஒவ்வொரு நாளும். என்ர பேரைக் கூப்பிடுறது இஞ்ச கேக்கும். நான் பதில் சொல்லுறதும் கேக்கும்." தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். "என்ர குரல்தான் மேடம்."

நல்ல வெயில். நான் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மேடம் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். "நாளைக்குத் தம்பியையும் தூக்கிக்கொண்டு வா. நான் ரீச்சரோட கதைக்கிறன்" என்றார்.

"என்ர கதிரையில ஆள் இருக்குமே."

"ஒருதரும் இல்லையம்மா."

"இருக்கு," என்றாள் அவள்.

மறுநாள் மண்டபத்துக்குப் போகவேண்டிய வாகனத்தை மேடம் பூவரசங்குளம் பக்கம் திருப்பச் சொன்னார். விழாவுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடேயே பின்வரிசை வாங்கில் வந்து இருந்தார். பக்கத்துச் சிறுமியிடம், "இண்டைக்கு நீ சொல்லாத. எவ்வளவு நேரம் போனாலும்" என்றார்.

பெயர் கூப்பிடப்பட்டது. சிறுமி சீருடைக் கழுத்துப்பட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். காட்டுப் பக்கத்தில் ஒரு குருவிகூடக் கத்தவில்லை. என் பொக்கற்றில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தேன், விழா மண்டபத்திலிருந்து. "மாலை வாடுது, எங்க நிக்கிறியள் ரெண்டு பேரும்?" கைபேசியை நிறுத்திவிட்டேன்.

"திரும்பக் கூப்பிடுங்கோ," என்றார் மேடம்.

ரீச்சர் கூப்பிட்டார். ஒன்றுமில்லை. மறுபடி கூப்பிட்டார்.

"வந்திருக்கிறன் ரீச்சர்." வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. நேற்று வகுப்புக்குள் கேட்ட அதே குரல், அதே அடைப்பு. ரீச்சரின் பேனை இடாப்பின் மேல் போனது.

"போடாதேங்கோ. கதிரையில வந்து இருந்தாப்பிறகு போடுங்கோ."

காய்ந்த சருகில் நடக்கும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு தொடர்ந்தது. தம்பியோடு வாசலில் வந்து நின்றவள் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, தன் கதிரையைத்தான் பார்த்தாள். கிட்டப் போனாள். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஒருத்தியைத் தள்ளிப்போகச் சொல்வதுபோலக் கையால் மெல்ல ஒதுக்கினாள். கொஞ்சம் பொறுத்து, கதிரையின் ஓரத்தில் இருந்தாள்.