அறுத்த காருக்கு ஜொகூர் நம்பர்

அந்தக் காரின் முதுகை அறுத்தபோது ரம்பத்தின் ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். மலாயாவில், சிரம்பான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரை ஓட்டித் தேய்த்த பழைய வண்டி அது. சித்தப்பா அதை வாங்கி, முன் இருக்கைக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் வெட்டி எறிந்தார். ரம்பம் நுழையாத இடத்தில் கோடாலி விழுந்தது. தகரம் கிழிந்த சத்தத்தில் லயத்து வரிசை வீடுகளில் குழந்தைகள் அழுதன. அறுத்த இடத்தில் பலகைப் பெட்டி ஏறியது. ஜொகூருக்குப் போய், பெக்கான் நானாஸில் அன்னாசி ஏற்றிப் பிழைப்பதென்று முடிவு. பதினாறு வருஷம் பால் மரம் வெட்டியவர். இனி எந்தக் கங்காணிக்கும் தலை குனிய மாட்டேன் என்றார்.

ஆனால் அப்போது ஜொகூர் தனி மாநிலம், தனிச் சட்டம். அங்கே புதிதாகப் பதிந்து நம்பர் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் லோடிலேயே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். படிவம் இங்கிலீஷில். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

வண்டியைக் கிளப்ப வழியிலேயே சொல்லிக் கொடுத்தார். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். அதற்கு முன் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருக்கும் லீவரை மேலே தள்ளியிருக்க வேண்டும். "கீழ இருந்துச்சுன்னா கைப்பிடி திருப்பி அடிக்கும்டா. மணிக்கட்டு ரெண்டாப் போயிரும்."

கூலாயில் உறவுக்காரர் லயத்தில் தங்கினோம். விடிந்ததும் தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார் சித்தப்பா. தலையில்லாத சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு துள்ள, அதைத் தூக்கிப் பிடித்து ரத்தத்தை வண்டியின் முகத்திலும் மட்கார்டிலும் விட்டார். பொழுது சாயும்வரை அதைக் கழுவக் கூடாது.

"ஆபீசுக்குப் போறோம் சித்தப்பா. தொடச்சிட்டுப் போவோம்," என்றேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. "நாலெழுத்து படிச்சா முனிக்கே புத்தி சொல்லுவியா?"

ஜொகூர் பாருவில் பதிவு ஆபீஸ் முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். நான் படிவத்தை நிரப்பினேன். 'மாற்றங்கள்' என்ற இடத்தில் பின்பக்கம் அறுத்ததை ஒளிக்காமல் எழுதினேன். மலாய்க்கார அதிகாரி அதை உள்ளே கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கூலாயில் கடை வைத்திருந்த பாய். அன்று காலை அவர் தம்பியின் சைக்கிளை ஒரு கார் மோதித் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருந்தது. தம்பியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, அந்தக் கார் யாருடையதென்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி முறையிட வந்திருந்தார். எங்கள் வண்டியின் மட்கார்டைப் பார்த்ததும் நின்றார்.

"எந்த வழியா வந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

சித்தப்பா கண்ணைக் காட்டினார். எனக்குப் புரிந்தது. ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை. "கூலாய் வழியாத்தான்."

"இன்னிக்குக் காலையிலா?"

"ஆமா."

"பாய், அது கோழி ரத்தம்," என்றார் சித்தப்பா.

"கோழி ரத்தமா, என் தம்பி ரத்தமாடா?"

கூட வந்த இருவரும் சித்தப்பாவைக் கீழே தள்ளி மிதித்தார்கள். பாய் வண்டிக்குள் கிடந்த கைப்பிடியை எடுத்தார். முதல் அடி தோளில். தலைக்கு வந்த இரண்டாவதைச் சித்தப்பா வலது கையால் தடுத்தார். காய்ந்த விறகு முறிவதுபோல் கேட்டது. நான் பாயின் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். முழங்கையால் ஒரு இடி இடித்தார். வாயெல்லாம் உப்பாக இருந்தது.

அதிகாரி ஓடிவந்து விலக்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மட்கார்டருகே குனிந்தார். காய்ந்த ரத்தத்தில் ஒட்டியிருந்த செம்மண்நிறச் சிறகு ஒன்றை நகத்தால் உரித்தெடுத்து, பாயின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"ஆயாம்," என்றார். கோழி.

பாயின் கையிலிருந்து கைப்பிடி நழுவியது. அவரே சித்தப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, தன் தலைத்துண்டை அவிழ்த்து அந்தக் கையைக் கட்டினார். கை மணிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்தது.

எஞ்சின் ஓடுவதைப் பார்த்தால்தான் நம்பர் தர முடியும், ஓடாவிட்டால் வேறொரு நாள் வர வேண்டும் என்றார் அதிகாரி. சித்தப்பா எழுந்தார். தள்ளாடிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"நா சுத்துறேண்ணே. எனக்குப் பழக்கந்தான்," என்று பாய் கைப்பிடியை எடுத்துச் செருகினார். "லீவரு மேலதானே இருக்கு?"

"மேலதான்," என்றார் சித்தப்பா.

நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சித்தப்பாவின் இடது கை லீவரைக் கடைசிவரை கீழே இழுப்பதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பாய் மூச்சை இழுத்துப் பிடித்துக் குனிந்தார். 'நிறுத்துங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது.

கைப்பிடி திருப்பி அடித்தது. பாய் மண்ணில் உருண்டார். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வெள்ளையாகத் தெரிந்தது. கூட வந்த இருவரும் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"என்ன ஆச்சு?" அதிகாரி என்னைத்தான் கேட்டார். இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தானே.

"சில சமயம் திருப்பி அடிக்கும் ஐயா," என்றேன்.

பாயை வராந்தாவுக்குத் தூக்கிப் போனார்கள். சித்தப்பா லீவரை மேலே தள்ளிவிட்டு, "இப்ப நீ சுத்துடா," என்றார். கைப்பிடியைத் தொட்டவன், அவருடைய இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தக் கையைத் தூக்கி என்னிடம் விரித்துக் காட்டினார். சுற்றினேன். ஒரே சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அதிகாரி நம்பரை எழுதிவிட்டுப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். கீழே, மேற்கண்டவை யாவும் உண்மை என்ற வரி. நிரப்பிக் கொடுத்தவனும் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தேன். வண்டியைப் பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வராந்தாவில் பாய் தன் தாயைக் கூப்பிட்டு அரற்றுவது கேட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.